எலும்பு சேர்ந்தால் போதுமா? நாய்களின் தாடை முறிவும் அறுவைச் சிகிச்சையும்

தாடை முறிந்த நாய்க்குச் செய்யும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு மட்டுமே உரிய பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் வண்டியில் அடிபட்டோ, இன்னொரு நாயிடம் கடிபட்டோ தாடை தொங்க நிற்கும் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வளர்ப்பவர்தான். எந்தச் சிகிச்சைக்குச் சம்மதிப்பது என்று அந்தப் பதற்றத்தில் முடிவெடுக்க வேண்டியவரும் அவர்தான். ஆகவே இரு தரப்பாருக்கும் பொதுவாகப் பேசுகிறேன். நான் நிறுவ முயல்வது ஒரே கருத்தை. தாடை முறிவுச் சிகிச்சையின் இலக்கு, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பழையபடி பொருந்தி நாய் வலியின்றிக் கடிக்க வேண்டும் என்பதே. எலும்பு சேர்வது அந்த இலக்குக்கு ஒரு வழி. வழியையே இலக்காக எடுத்துக்கொண்டால், எக்ஸ்ரே படத்தில் எலும்பு அழகாகச் சேர்ந்திருக்கும். நாயோ தட்டின் முன் நின்று தின்ன முடியாமல் தவிக்கும். எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது, எந்தப் பல்லைப் பிடுங்குவது, எதை விட்டுவைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஒரு நோக்கிலிருந்தே விடை கிடைக்கிறது என்பதைக் காட்ட முயல்கிறேன்.

முதலில் நாயின் வாயைப் பார்ப்போம். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். மேலே 20, கீழே 22. கீழ்த்தாடை வலம், இடம் என இரண்டு எலும்புகளால் ஆனது. அவை முகவாயில் நாரும் குருத்தெலும்பும் கலந்த ஓர் இணைப்பால் சேர்ந்திருக்கின்றன. மனிதக் குழந்தைக்குச் சின்ன வயதிலேயே இந்த இணைப்பு எலும்பாகிவிடும். பல நாய்களுக்கோ ஆயுள் முழுவதும் அது அப்படியே இருக்கும். வாயை மூடும்போது கீழ்க் கோரைப்பல், மேல் வரிசையில் மூன்றாம் வெட்டுப்பல்லுக்கும் மேல் கோரைப்பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் போய் அமர்கிறது. பின்னால் மேல் வரிசையின் நான்காம் முன்கடைவாய்ப்பல்லும் கீழ் வரிசையின் முதல் கடைவாய்ப்பல்லும் கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளைப் போல ஒன்றையொன்று உரசி இறைச்சியை அறுக்கின்றன. மேல்தாடை அகலமானது, ஆகவே மேல் பற்கள் வெளிப்புறமும் கீழ்ப் பற்கள் உட்புறமும் நிற்கின்றன. தாடை மூட்டு பெரும்பாலும் மேலும் கீழும் மட்டுமே அசையும். பக்கவாட்டு அசைவு மிகக் குறைவு. இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வையுங்கள். பல் சற்றே விலகிப்போனால் தாடையைப் பக்கவாட்டில் நகர்த்திச் சமாளிக்கும் வசதி நாய்க்கு இல்லை. தாடையின் பின்பகுதியில் எலும்பு கொஞ்சம் திரும்பி ஒட்டிக்கொண்டாலும், முன்னால் கோரைப்பல் அதைவிடப் பல மடங்கு விலகி நிற்கும். தனக்குரிய இடைவெளியில் இறங்க வேண்டிய பல், ஒவ்வொரு முறை வாயை மூடும்போதும் அண்ணத்தில் குத்தும். பற்கள் தப்பான இடத்தில் மோதித் தேயும்; தாடை மூட்டும் நாளடைவில் கெடும்.

இனி, தாடையின் மீது செயல்படும் விசைகள். வாயை மூடும் தசைகள் நாய்க்கு மிக வலுவானவை. அவை தாடையின் பின்பகுதியை மேல்நோக்கி இழுக்கின்றன. வாயைத் திறக்கும் தசை மண்டையோட்டின் அடியிலிருந்து வந்து தாடையின் அடிவிளிம்பைப் பற்றிக் கீழும் பின்னுமாக இழுக்கிறது. எலும்பு முழுதாக இருக்கும்வரை இந்த இரண்டு இழுப்பும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து நிற்கும். நடுவே முறிந்துவிட்டால் பின்துண்டு மேலே ஏறுகிறது, முன்துண்டு கீழே இறங்குகிறது. முறிவுக்கோடு மேல் விளிம்பின் பின்புறத்திலிருந்து அடிவிளிம்பின் முன்புறம் நோக்கிச் சாய்ந்திருந்தால், இரண்டு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தித் தாமே ஓரளவு நிலைபெறும். எதிர்த்திசையில் சாய்ந்திருந்தால் விலகிக்கொண்டே போகும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நாய் எதையாவது கடிக்கும்போது, முறிந்த இடத்தில் பல் இருக்கும் மேல் விளிம்பு பிளக்கிறது, அடிவிளிம்பு நெருங்குகிறது. பிளக்கும் பக்கத்தைக் கட்டிவிட்டால் அடிவிளிம்பு கடிக்கும் விசையாலேயே இறுகும் என்பது எலும்பு மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். ஆகவே தாடையில் பிடிமானம் தர வேண்டிய இடம் பல் விளிம்பு. அந்த விளிம்பிலோ பல் வேர்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. நாயின் தாடை அறுவையில் உள்ள சிக்கல் முழுவதும் இதுதான்: திருகு எங்கே வேண்டுமோ, அங்கே திருகுக்கு இடமில்லை.

முறிவு பல் இல்லாத பகுதியில்தான் அதிகம் நேர்கிறது என்றால் இந்தச் சிக்கலைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. உண்மை அப்படி இல்லை. 157 கீழ்த்தாடை முறிவுகளை ஆராய்ந்து 1990இல் வெளியான அமெரிக்கக் கட்டுரை, முன்கடைவாய்ப்பற்கள் இருக்கும் பகுதியில் முறிவு அதிகம் என்றது. தென்னாப்பிரிக்காவில் 109 நாய்களின் பதிவுகளைப் பார்த்து 2013இல் வெளியான ஆய்வு, கடைவாய்ப்பற்கள் இருக்கும் பகுதியைச் சுட்டியது. எந்தப் பல் என்பதில் வேறுபட்டாலும், பல் தாங்கும் பகுதியே அதிகம் முறிகிறது என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. அந்தப் பகுதியில் ஈறு எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால், எலும்பு முறிந்தால் ஈறும் கிழிந்துவிடுகிறது. எனவே பெரும்பாலான தாடை முறிவுகள் வாய்க்குள் திறந்த முறிவுகள்; எச்சிலும் கிருமிகளும் நேரே எலும்பைத் தொடும். கால் எலும்பில் இப்படித் திறந்த முறிவு நேர்ந்தால் மருத்துவர் கலங்குவார். ஆனால் தாடைக்கும் முகத்துக்கும் இரத்த ஓட்டம் மிகுதி என்பதால் இங்கே புண் விரைவில் ஆறுகிறது. அந்த இரத்த ஓட்டத்தைக் கெடுக்காமல் இருப்பது மருத்துவரின் பொறுப்பு. தகடு வைப்பதற்காக ஈறையும் தசையையும் எலும்பிலிருந்து நெடுகப் பிரிக்கும்போது, ஆற்றும் குருதியையும் சேர்த்தே பிரிக்கிறோம்.

வேர்களுக்குக் கீழே என்ன இருக்கிறது? தாடை எலும்புக்குள் நீளவாக்கில் ஒரு குழல் ஓடுகிறது. பற்களுக்கும் கீழுதட்டுக்கும் உரிய நரம்பும் இரத்தக்குழாய்களும் அதற்குள்தான் செல்கின்றன. மேலே வேர், கீழே நரம்புக்குழல், இரண்டுக்கும் தப்பித் திருகு இறங்கக்கூடிய இடம் அடிவிளிம்பை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டை மட்டும். அங்கே தகடு வைத்தால், பிளக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் வைக்கிறோம் என்று பொருள். சிறிய நாய்களுக்கு அந்தப் பட்டையும் குறுகிவிடுகிறது. நாயின் உடல் சிறுக்கும் அளவுக்கு முதல் கடைவாய்ப்பல் சிறுப்பதில்லை. ஆகவே சிறிய நாயின் தாடை உயரத்தில் அந்தப் பல் எடுத்துக்கொள்ளும் பங்கு பெரிய நாயில் எடுப்பதைவிட அதிகம். எக்ஸ்ரே படங்களில் அளந்து 2001இல் இதை உறுதிசெய்தார்கள். திருகுகள் பற்களுக்கு இழைக்கும் காயத்தை மட்டுமே தனிப்பொருளாக எடுத்துக்கொண்ட ஆய்வுக்கட்டுரை 1992இலேயே கால்நடை எலும்பு மருத்துவ இதழில் வந்துவிட்டது. வேரைத் துளைத்த திருகு அன்றைக்கு ஒன்றும் செய்யாது; நாய் எழுந்து நடக்கும், வாலாட்டும். பிறகு அந்தப் பல்லின் உயிர்ச்சதை அழுகும், வேர்நுனியில் சீழ் கட்டும், திருகு தளரும். எலும்புக் குழலுக்குள் நேரான ஊசிக்கம்பியை நீளவாக்கில் செலுத்தும் முறை ஒரு காலத்தில் இருந்தது. வளைந்த எலும்புக்குள் நேரான கம்பியைத் திணித்து, நரம்பையும் நசுக்கி, பல் வரிசையையும் கோணலாக்கிய அந்த முறையை இன்று செய்யக்கூடாதென்றே கற்பிக்கிறார்கள்.

அப்படியானால் என்னதான் வழி? பல்லையே பிடிமானமாக ஆக்கிக்கொள்வது. இது புதிய எண்ணம் அன்று. தாடை முறிந்தால் முறிவின் இருபுறத்துப் பற்களையும் பொற்கம்பியாலோ நூலாலோ சேர்த்துக் கட்டும்படி பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரேட்டஸின் பெயரில் வழங்கும் நூல்கள் சொல்கின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் தாமஸ் கன்னிங் என்ற பல் மருத்துவர், கெட்டிப்படுத்திய ரப்பரால் வாய்க்குள் பொருந்தும் அச்சு செய்து தாடை முறிவுகளை ஆற்றினார். 1865இல் வண்டியிலிருந்து விழுந்து தாடை முறிந்த அமெரிக்க வெளியுறவுச் செயலர் வில்லியம் சீவர்டுக்கும் அவரே சிகிச்சை செய்தார். எலும்பைத் திறந்து பார்க்காமல், பற்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்தே இவர்கள் முறிவைச் சீராக்கினார்கள். பற்கள் எலும்பில் ஊன்றி நிற்பவை. ஆகவே அவை சரியாகப் பொருந்தினால் அடியில் உள்ள எலும்பும் தன் இடத்துக்கு வந்திருக்கும். எலும்பைப் பார்த்து எலும்பைச் சேர்ப்பவரிடம் இருக்கும் அளவுகோலைவிட இது நுட்பமானது. கண்ணுக்கு எலும்பு விளிம்பு சரியாகச் சேர்ந்ததாகத் தெரிந்தாலும் சிறு திருகல் தப்பிவிடும். பல் வரிசையில் அது உடனே தெரிந்துவிடும்.

இந்த அளவுகோலைப் பயன்படுத்த வேண்டுமானால் அறுவையின்போது நாயின் வாயை மூடிப் பார்க்க முடிய வேண்டும். வழக்கம்போல் மயக்க மருந்துக் குழாயை வாய்வழியே செலுத்தினால் அது நடக்காது. எனவே தாடைக்கடியில் அல்லது தொண்டையின் பக்கவாட்டில் சிறு துளையிட்டு, மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் குழாயின் வெளிமுனையை அதன் வழியே எடுக்கிறார்கள். வாய் தடையின்றி மூடும். பிறகு பற்களைச் சுத்தம் செய்து, முறிவின் இருபுறமும் குறைந்தது இரண்டிரண்டு உறுதியான பற்களைச் சுற்றி மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பின்னிக் கட்டுகிறார்கள். கோரைப்பல்லையும் முதல் கடைவாய்ப்பல்லையும் சேர்த்துக் கட்டினால் பிடி நன்கு இருக்கும். பல்லின் மேற்பரப்பில் பாஸ்பாரிக் அமிலம் தடவிக் கழுவி உலர்த்தி, அதன்மேல் பல் மருத்துவத்தில் பயன்படும் பிஸ்-அக்ரில் என்ற அக்ரிலிக் கலவையைப் பூசுகிறார்கள். சில நிமிடங்களில் அது கெட்டியாகிவிடும். முன்பு பயன்படுத்திய அக்ரிலிக் வகை இறுகும்போது கடுமையாகச் சூடேறியது. இன்றைய கலவையில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. கீழ்த்தாடைக்குப் பூச்சு பற்களின் உட்புறத்தில், அதாவது நாக்குப் பக்கத்தில் அமையும். வெளிப்புறத்தில் வைத்தால் மேல் பற்கள் அதன்மீது இடிக்கும். மேல்தாடைக்கு இதே காரணத்தால் வெளிப்புறத்தில் வைக்க வேண்டும். கம்பி மட்டுமோ அக்ரிலிக் மட்டுமோ தரும் வலுவைவிட இரண்டும் சேர்ந்து தரும் வலு கூடுதல். இந்தக் கட்டு முழுவதும் பிளக்கும் பக்கத்திலேயே அமைவதைக் கவனியுங்கள். எலும்பில் ஒரு துளைகூடப் போடாமல், விசை கேட்ட இடத்தில் பிடிமானம் கிடைத்துவிடுகிறது.

இங்கே எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் எழுந்து மறுப்புச் சொல்லலாம். உறுதியான பிடிமானம் இருந்தால்தான் எலும்பு நன்றாகச் சேரும். 1958இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய, எலும்பு அறுவை மருத்துவர்களின் ஏ.ஓ. குழு உலகுக்குக் கற்றுத்தந்ததே அதுதான். தகடும் திருகும் தரும் உறுதியைக் கம்பியும் அக்ரிலிக்கும் தருமா என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. தகட்டின் உறுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உறுதிக்குள் ஓர் ஆபத்து இருக்கிறது. தகட்டை எலும்பின் வளைவுக்கு மிகத் துல்லியமாக வளைக்காவிட்டால், திருகை முறுக்க முறுக்க எலும்பு தகட்டின் வடிவத்துக்கு இழுபடும். தொடை எலும்பில் ஓரிரு மில்லிமீட்டர் பிசகினால் நாய் அதைத் தாங்கி நடக்கும். தாடையில் அதே பிசகு பல் பொருத்தத்தைக் குலைத்து, குலைந்த நிலையிலேயே உறுதியாக நிறுத்திவிடும். மனித மருத்துவத்திலேயே இந்தப் பாடம் கற்கப்பட்டது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மாக்சிம் ஷாம்பியும் அவர் குழுவினரும் 1970களில் கனத்த தகடுகளை விட்டு, விசைகள் ஓடும் கோடுகளைக் கணக்கிட்டு, எலும்பின் வெளிச்சுவரில் மட்டும் ஊன்றும் சிறு திருகுகளோடு மெல்லிய தகடுகளை வைத்தார்கள். எவ்வளவு கனம் என்பதைக் காட்டிலும் எந்த இடம் என்பதே முக்கியம் என்பதற்கு அது நல்ல சான்று. அந்தச் சிறு தகடுகள் இன்று நாய்களுக்கும் வந்துவிட்டன. வேர்களுக்கு இடையே இடம் பார்த்து, முன்னதாகப் பல் பொருத்தத்தைக் கம்பியால் கட்டி நிலைநிறுத்திக்கொண்டு வைத்தால் அவை மிகச் சிறந்த கருவிகள். ஆகவே தகடா, கம்பியா என்று வழக்காட வேண்டியதில்லை. பல் பொருந்திய பிறகு எது வைத்தாலும் தகும்; பல்லைப் பாராமல் எது வைத்தாலும் தவறு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், மூட்டை நோக்கி மேலேறும் பகுதியில் பல்லே கிடையாது. அங்கே முறிந்தால் உமது பல் தத்துவம் என்ன செய்யும் என்று கேட்கலாம். அங்கே வேர் இல்லை என்பதால் திருகுக்குத் தடையும் குறைவு. டைட்டானியத் தகடு வைக்கச் சரியான இடம் அதுதான். இப்பகுதியில் சாதாரண எக்ஸ்ரே படத்தில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரிவதால் முறிவுகள் கண்ணுக்குத் தப்பும், சி.டி. ஸ்கேன் எடுத்தால் பிடிபடும். ஆனாலும் தகடு வைக்கும் மருத்துவர் வேலை சரியாக முடிந்ததா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்? முன்னால் கோரைப்பற்கள் பூட்டிக்கொள்வதைப் பார்த்துத்தான். கட்டை ஊன்றும் இடம் மாறலாம், அளவுகோல் மாறுவதில்லை. மூட்டுக்கு அருகே, தகடும் வைக்க முடியாதபடி முறிந்தால், மேல் தாடையையும் கீழ்த்தாடையையும் கோரைப்பற்களின் வழியே இணைத்துச் சில வாரம் நிறுத்தும் முறை இருக்கிறது. அங்கே மருத்துவர் எலும்பைத் தொடுவதே இல்லை. பற்கள் பொருந்தி நிற்க, அடியில் எலும்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

அப்படியானால் மனிதருக்குச் செய்வதுபோல் எல்லா நாய்க்கும் வாயை மூடிக் கட்டிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். கூடாது. நாயின் உடலில் சூட்டைத் தணிக்கும் வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. பாதத்தடியில் உள்ளவை உடல் சூட்டைத் தணிக்கப் போதா. வாயைத் திறந்து இளைத்தே அது சூட்டை வெளியேற்றுகிறது. முற்றாக மூடிய வாயோடு சித்திரை வெயிலில் ஒரு நாயை வைத்திருந்தால் அதன் உயிருக்கே கேடு. வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயமும் உண்டு. எனவே தாடைகளை இணைக்கும்போதும் முன்பற்களுக்கு நடுவே நாக்கு வெளியே வந்து நீரும் கூழும் நக்கும் அளவுக்கு இடைவெளி விடவேண்டும். உணவு போதாதென்றால் கழுத்துவழியே உணவுக்குழாயில் டியூப் வைக்க வேண்டும். பக் போன்ற குறுமூக்கு நாய்களுக்கு மூச்சு ஏற்கெனவே சிரமம். முறிவை நிறுத்த வாயைச் சுற்றி டேப் பட்டை போடுவது அவற்றுக்கு ஒவ்வாது, பட்டை நிற்கவும் நிற்காது. குட்டிகளின் கதை வேறு. அவற்றின் தாடைக்குள் நிலைப்பற்களின் முளைகள் நிறைந்திருப்பதால் திருகும் ஊசியும் அங்கே போகவே கூடாது. நெகிழ்வாகப் போட்ட டேப் பட்டையும் கூழ் உணவுமே பெரும்பாலும் போதும். பொதுவாக 2 முதல் 4 வாரத்தில் எலும்பு சேர்ந்துவிடும். வளர்ந்த நாய்க்கு 6 முதல் 10 வாரம் ஆகலாம்.

அக்ரிலிக் கட்டின்மேல் ஒரு குறையும் சொல்கிறார்கள். அதன் இடுக்கில் உணவு தங்கும், ஈறு வீங்கும், வாய் நாறும். உண்மைதான். தினமும் குளோர்ஹெக்சிடின் கரைசலால் வாயைக் கழுவினால் அது கட்டுக்குள் இருக்கும். கட்டை எடுத்தபின் ஈறு சில நாளில் தெளியும். துளைபட்ட வேரோ தெளியாது. மீளக்கூடிய சிறு கேட்டையும் மீளாத பெரும் கேட்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது. முறிவுக்கோட்டில் நிற்கும் பல்லைப் பற்றியும் இதே கணக்குத்தான். அத்தகைய பல்லை உடனே பிடுங்கிவிட வேண்டும் என்பது பழைய விதி. ஆட்டமில்லாத, நோயில்லாத பல்லை அப்படிப் பிடுங்கினால் எலும்பில் பெரும் பள்ளம் விழும். கம்பி கட்ட இருந்த தூணும் போய்விடும். ஆகவே இன்று அதை விட்டுவைத்து, பின்னாளில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேவையானால் வேர்ச் சிகிச்சை செய்கிறார்கள். இரண்டு வேருள்ள பல்லில் ஒரு வேர் கெட்டிருந்தால் பல்லைப் பாதியாக அறுத்து நல்ல பாதியைக் காப்பாற்றுவதும் உண்டு. ஆடும் பல்லும், ஈறுநோயால் சுற்றிலும் எலும்பு கரைந்த பல்லும் மட்டுமே கட்டாயம் வெளியேற வேண்டியவை.

ஈறுநோய் என்ற பேச்சு வந்துவிட்டது. சிறு இன நாய்கள், அதிலும் வயதானவை, பெரிய அடி எதுவும் படாமலே தாடை முறிந்து வருகின்றன. பல ஆண்டுகளாகப் படிந்த காரையால் ஈறுநோய் முற்றி, முதல் கடைவாய்ப்பல்லையும் கோரைப்பல்லையும் சுற்றிய எலும்பு கரைந்துபோயிருக்கும். சிறிய நாயின் தாடையில் முதல் கடைவாய்ப்பல்லின் வேர் அடிவிளிம்புவரை எட்டுவதால், வேரைச் சுற்றிய எலும்பு கரைந்தபின் மிஞ்சுவது ஒரு மெல்லிய ஓடுதான். எதையாவது கடித்தாலோ, பல் பிடுங்கும்போது சற்றே அழுத்தினாலோ அது ஒடிந்துவிடும். அந்த எலும்பு எளிதில் சேராது. கட்டுவதற்குப் பல்லும் மிச்சமிருக்காது. அங்கே கெட்ட பற்களை எடுத்து, புண்ணைச் சுத்தம் செய்து, நெகிழ்வான பட்டையோடு நாராவது பிடிக்கட்டும் என்று விடுவதும், முறிந்த பகுதியை அறுத்து நீக்கிவிடுவதும் தோல்வியாகா. புற்றுநோய்க்காகத் தாடையின் ஒரு பகுதியை இழந்த நாய்கள் நன்றாகத் தின்று வாழ்வதைக் கால்நடை மருத்துவம் நெடுங்காலமாக அறியும். மிஞ்சிய தாடை நடுவிலிருந்து விலகி, கோரைப்பல் அண்ணத்தில் குத்தினால் அந்தப் பல்லின் நுனியைக் குறைத்து உயிர்ச்சதையை மூடிவிடலாம். இங்கும் பாருங்கள்: எலும்பு சேரவே இல்லை, ஆனால் நாய் வலியின்றித் தின்கிறது. என் கருத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இன்னொரு முனையில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டைட்டானியத் தகட்டால் தாடையைத் தாங்கி, எலும்பு வளர்க்கும் புரதத்தில் ஊறிய பொருளை இடைவெளியில் வைத்து, இழந்த எலும்பையே புதிதாக வளர்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகள் 2010களில் வெளியாகின. அங்கும் அவர்கள் முதலில் காப்பாற்றியது பற்களின் பொருத்தத்தைத்தான்.

கடைசி மறுப்பு மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வருவது. ஒரு நாய்க்கு இவ்வளவு செலவா, இவ்வளவு பாடா? இந்தியச் சட்டமே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அங்கே கொண்டுவந்த மசோதாவின் தூண்டுதலால் பிறந்த 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குத் தேவையற்ற வலி நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. தின்ன முடியாத நாய்க்கு ஒவ்வொரு வேளையும் வலிதான். செலவைப் பற்றிய பதில் என் வாதத்திலேயே இருக்கிறது. பல்லை வழிகாட்டியாகக் கொண்ட சிகிச்சைக்கு வேண்டிய கம்பியும் அக்ரிலிக்கும் டைட்டானியத் தகட்டைவிட மிக மலிவானவை. முகவாய் இணைப்பு பிளந்த நாய்க்குக் கோரைப்பற்களுக்குப் பின்னால் ஒரு கம்பியைச் சுற்றி முறுக்கினால் பெரும்பாலும் போதும். இங்கே விலை கூடியது மருத்துவரின் பயிற்சியும் பாதுகாப்பான மயக்க மருந்தும் மட்டுமே. திரும்பப் பார்க்க வாய்ப்பில்லாத தெருநாய்க்கு, மறுபடி வந்து கழற்ற வேண்டாத சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதும் இந்த நோக்கோடு பொருந்துவதே.

நாய் வளர்ப்போருக்குச் சில சொற்கள். அடிபட்ட நாயின் தாடை தொங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது மூச்சையும் நினைவையும். நுரையீரலிலோ மூளையிலோ காயம் இருந்தால் தாடை ஓரிரு நாள் காத்திருக்கலாம், அதனால் கெட்டுவிடாது. மூச்சுத் திணறும் நாயின் வாயைக் கட்டாதீர்கள். மிக முக்கியமான எச்சரிக்கை இன்னொன்று: தாடை தொங்கும் நாய்க்கெல்லாம் தாடை முறிந்திருப்பதாக எண்ணிவிடாதீர்கள். ரேபிஸின் ஒரு வகையில் வாய்த் தசைகள் செயலிழந்து தாடை தொங்கும், எச்சில் ஒழுகும். தொண்டையில் எலும்பு சிக்கியதாக எண்ணி வாய்க்குள் கைவிடுபவர்கள் தங்கள் உயிரையே பணயம் வைக்கிறார்கள். முன்பின் தெரியாத நாயானால் வெறுங்கையால் தொடாதீர்கள். எச்சில் காயத்தில் பட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி உடனே தடுப்பூசிக்குச் செல்லுங்கள். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நாய்க்கு எலும்பு, குச்சி, கடித்து விளையாடும் பொருள் எதையும் மருத்துவர் சொல்லும்வரை கொடுக்காதீர்கள். வீட்டில் சிறு இன நாய் இருந்தால் அதன் பல்லை நாள்தோறும் துலக்குங்கள். முதுமையில் அதன் தாடை தானே ஒடிவதைத் தடுக்க அதைவிட மலிவான மருந்து கிடையாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அமெரிக்காவில் கால்நடைப் பல் மருத்துவத்துக்கெனத் தனிச் சிறப்புக் கல்லூரி அமைப்பு 1988இல்தான் உருவானது. உலகெங்கும் இது இளைய துறை. அதனால்தான் தாடை முறிவு இன்னும் பல இடங்களில் கால் எலும்பு முறிவின் இன்னொரு வகையாகவே கையாளப்படுகிறது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அறுவைக் கூடத்தில் தகட்டுப் பெட்டியைத் திறப்பதற்கு முன் நாயின் வாயை மூடிப் பாருங்கள். கோரைப்பல் தன் இடத்தில் இறங்குகிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் மறுபடி பாருங்கள். நாயை அழைத்துப்போக வரும் உரிமையாளரே, நீங்களும் எக்ஸ்ரே படத்தோடு திருப்தி அடையாதீர்கள். பல் பொருந்துகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்ல முடிந்தால்தான் சிகிச்சை வெற்றி.